நரி இல்லாத ஆட்டம்

முதலில் தான் எடுத்துக்கொண்டு சுருக்குப் பையை அடுத்தவர் கைக்குத் தந்ததும், எல்லாரும் மோப்பம் என்று கூப்பிடுகிறவர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வார். வாருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அந்த நேரத்தில் மேசையைச் சுற்றி இருக்கிற மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் துருவிக்கொண்டிருப்பார்கள். பைக்குள் கை விடுகிறவர் உதட்டைக் கடிக்கிறாரா, தேவையில்லாமல் சிரிக்கிறாரா என்று பார்ப்பார்கள். கடைசி ஆளும் கையை வெளியே எடுத்த பிறகுதான் மோப்பம் நிமிர்வார். சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் திறந்துகொண்டே, "ஆரம்பிக்கலாமா?" என்பார்.

பைக்குள் இருப்பவை எட்டுப் பற்கள். நிறம் பொருந்தாமலோ ஓரம் சிதைந்தோ கழித்துப்போட்ட செயற்கைப் பற்கள். ஆறு முன்பற்கள், இரண்டு கோரைப்பற்கள். முன்பல் எடுத்தவர் ஊர்க்காரர், கோரைப்பல் எடுத்தவர் நரி. எடுத்ததை யாருக்கும் காட்டாமல் உள்ளங்கையில் மூடிக்கொள்ள வேண்டும். பல் எடுக்காமல் ஆட்டத்தை நடத்துகிற ஒன்பதாவது ஆள் சொன்னதும் எல்லாரும் கண்ணை மூடுவார்கள். நரிகள் மட்டும் கண் திறந்து, ஓசையில்லாமல் ஓர் ஊர்க்காரரைச் சுட்டிக்காட்டும். அவர் காலி. பிறகு எல்லாரும் விழித்துக்கொண்டு, யார் நரி என்று வாய் ஓயும்வரை வாதாடி, கை தூக்கி ஒருவரை வெளியேற்றுவார்கள். வெளியேறியவர் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு மீதிச் சாப்பாட்டை முடிக்க வேண்டும். ஊர் அழிவதற்குள் இரண்டு நரிகளும் பிடிபட வேண்டும். மதிய இடைவேளை முக்கால் மணி நேரம். ஓர் ஆட்டம் தாராளமாக முடியும்.

அது பல் செட் செய்யும் கூடம். மாடியில் இரண்டே அறைகள். பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயில் பசையை வைத்து அளவு எடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றினால் அந்த வாயின் தாடை அப்படியே வெள்ளையாக எழுந்து வரும். அதன்மேல் மெழுகு கட்டி, பல் பதித்து, வேகவைத்து, பாலிஷ் போட்டு அனுப்ப வேண்டும். அங்கே வேலை செய்தவர்கள் ஒன்பது பேர். பிளாஸ்டர் தூசி புருவத்தில் படிந்து மதியத்துக்குள் ஒவ்வொருவருக்கும் பத்து வயது கூடிவிடும். மோப்பத்துக்கு வயது நாற்பத்தேழு. இருபத்திரண்டு வருடமாகப் பல் பதிக்கிறார். பிளாஸ்டர் தாடையைக் கையில் வாங்கியதும் கட்டைவிரலால் ஒரு முறை தடவிப் பார்த்து, "இவரு இடது பக்கமாத்தான் மெல்லுவாரு. கோவக்காரரு, பல்ல நறநறன்னு கடிச்சே தேச்சிருக்காரு" என்பார். அந்த ஆளைப் பார்த்தவர் யாரும் அங்கே இல்லை என்பதால் மறுத்துப் பேச வழியில்லை.

மோப்பம் என்கிற பெயர் ஆட்டத்தில் கிடைத்தது. ஆறு வருடம் முன்பு பாலிஷ் போடுகிறவன் வைத்தான். அவனையே எல்லாரும் பாலிஷ் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"அண்ணே, எப்படிண்ணே கண்டுபிடிக்கிறீங்க? அந்த வித்தைய எங்களுக்கும் கொஞ்சம் அவுத்து விடுங்களேன்" என்று பாலிஷ் கேட்பான். கேட்டதும் மோப்பம் சாப்பிடுவதை நிறுத்திவிடுவார். இந்தக் கேள்விக்காகத்தான் அவர் மதியம்வரை காத்திருக்கிறாரோ என்றுகூடத் தோன்றும்.

"கேட்டுக்கோ. மொதல்ல கத்துறவன் நரி இல்ல. நரிக்கு என்ன அவசரம்? நீங்களே அடிச்சுக்கிட்டுச் சாவீங்கன்னு அதுக்குத் தெரியும். கடைசியா கை தூக்குறவனப் பாரு. எந்தப் பக்கம் ஜெயிக்குதுன்னு தெரிஞ்சப்புறம்தான் நரி கை தூக்கும்."

"சரி, அப்புறம்?"

"எல்லார் மூஞ்சியையும் பாத்துப் பேசுறவன் ஒருத்தன் மூஞ்சிய மட்டும் பாக்காம தாண்டிப் போறான்னு வெச்சுக்கோ. ரெண்டும் கூட்டாளி. எழுதி வெச்சுக்கோ. எல்லாத்துக்கும் மேல ஒண்ணு இருக்கு. ஊர்க்காரன் மேல பழி போட்டா, 'நான் இல்ல, அப்ப யாரு?'ன்னு கேப்பான். ஏன்னா அவனுக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கணும். நரி 'நான் இல்ல'ன்றதோட நிறுத்திக்கும். அதுக்குத்தான் தெரியுமே!"

கடைசியாகச் சொன்னதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பாலிஷ் இதை எல்லாம் கைபேசியில் குறித்து வைத்திருந்தான். குறித்து வைத்தும் அவனால் ஒரு நரியையும் பிடிக்க முடியவில்லை. மோப்பமோ வாரத்துக்கு நான்கு ஆட்டமாவது ஊரைக் காப்பாற்றிக் கொடுத்தார்.

வீட்டில் இந்தப் புகழ் செல்லுபடியாகவில்லை. "சர்க்கரை டப்பா எங்கன்னு கண்டுபிடிக்கத் தெரியாது. இவரு நரி கண்டுபிடிக்கிறாராம்" என்று மனைவி சொல்வார். மோப்பம் சிரித்துக்கொள்வார். கூடத்தில் கிடைக்கிற மரியாதை ஒரு நாளைக்குப் போதுமானதாக இருந்தது.

உண்மை இந்தப் புகழைவிட மிகச் சிறியது. தினமும் பற்களோடு பழகும் விரல்களுக்குக் கண் தேவையில்லை. பைக்குள் நுழைந்த விரல் கோரைப்பல்லைத் தொட்டதும் அதற்குத் தெரிந்துவிடும். தெரிந்த அந்தக் கணத்தில் மணிக்கட்டு ஓர் இமைப்பொழுது அசையாமல் நிற்கும். முகத்தைக் கட்டுப்படுத்தத் தெரிந்தவர்களுக்கும் மணிக்கட்டைக் கட்டுப்படுத்தத் தோன்றுவதில்லை. மோப்பம் செருப்பு வாரைச் சரிசெய்தபடி, மேசை மட்டத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். ஆட்டம் தொடங்கும் முன்பே இரண்டு நரிகளும் யார் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் முதல் சுற்றில் வாய் திறக்கமாட்டார். உடனே சொன்னால் சந்தேகம் வரும் என்று, ஓர் அப்பாவி வெளியேறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். சில நாள் அந்த அப்பாவிக்கு எதிராகத் தன் கையையும் தூக்குவார். இரண்டாவது சுற்றில்தான் காரணங்களை அடுக்குவார்.

விடை கையில் இருக்கும்போது காரணங்களுக்குப் பஞ்சமே வராது. யார் கடைசியாகக் கை தூக்கினார், யார் யாரைப் பார்க்கவில்லை என்று அவர் சொன்னவை பெரும்பாலும் நடந்தவைதான். வேலை செய்தது அவை அல்ல, அவ்வளவே. ஆனால் ஆறு வருடம் தன் குரலையே கேட்டுக்கொண்டிருந்ததில், நரியைப் பிடிப்பது தன் மூளைதான் என்று மோப்பமும் நம்பத் தொடங்கியிருந்தார். ஏமாற்றுகிறவன் தன்னையும் சேர்த்து ஏமாற்றிக்கொள்கிற இடம் இது. அங்கே போய்ச் சேர்ந்துவிட்டதை அவர் கவனிக்கவில்லை.

ஒரே ஒருவரிடம்தான் அவர் வித்தை பலிக்கவில்லை. மெழுகு கட்டுகிற அக்கா. ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். பை வந்தால் கையை உள்ளே விட்டு மீதியிருக்கிற பற்களை எல்லாம் ஒரு பிடியாக அள்ளுவார். ஒவ்வொன்றாக நழுவவிட்டுக் கடைசியில் கையில் தங்கியதை எடுத்துக்கொள்வார். வெளியே இருந்து பார்த்தால் அந்த மணிக்கட்டு நிற்பதும் இல்லை, தயங்குவதும் இல்லை. மெழுகு அக்கா நரியாக இருந்த ஓர் ஆட்டத்திலும் மோப்பம் அவரைப் பிடித்ததில்லை. ஆட்டம் முடிந்ததும் அக்கா உள்ளங்கையை விரித்துக் கோரைப்பல்லைக் காட்டி, "என்ன தம்பி, இன்னிக்கு மூக்கடைப்பா?" என்று மட்டும் கேட்பார். எல்லாரும் சிரிப்பார்கள். மோப்பமும் சிரிப்பார். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த ஆட்டத்தையே மறுபடி மறுபடி ஓட்டிப் பார்ப்பார்.

சில மாதங்களுக்கு முன்பு கூடத்தில் பிளாஸ்டர் தாடைகள் உடையத் தொடங்கின. மெழுகு அக்காவின் இருக்கைக்குப் பின்னால் இருந்த நீளமான அலமாரியில் தாடைகளை வரிசையாக வைத்திருப்பார்கள். மதியத்துக்குப் பிறகு பார்த்தால் ஒன்று தரையில் விழுந்து பல் மூளியாகிக் கிடக்கும். இரண்டு வாரத்தில் மூன்று உடைந்தன. தாடை உடைந்தால் அந்த நோயாளி மறுபடி வந்து, வாய் நிறையப் பசையைத் திணித்துக்கொண்டு மூச்சு முட்ட உட்கார வேண்டும். மூன்றாவது ஆள் எண்பது வயதுக்காரர். மருத்துவரின் மேசையிலேயே வாந்தி எடுத்துவிட்டார். மருத்துவர் கூடத்து முதலாளியம்மாவைக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்தார்.

முதலாளியம்மா மதியச் சாப்பாட்டு நேரத்தில் உள்ளே வந்தார். எல்லாரும் மேடம் என்று அழைக்கிற அவர் சாதாரணமாக அந்த நேரத்தில் வரமாட்டார்.

"காத்தா அடிக்குது இங்க, தானா விழறதுக்கு? யாரோ வேணும்னே பண்றீங்க. என் மேல கோவம்னா என்கிட்ட சொல்லுங்க, எண்பது வயசுக்காரர் என்ன பண்ணாரு?" என்றவர், மோப்பத்தின் பக்கம் திரும்பினார். "நீங்கதான் பெரிய மோப்பமாமே. சொல்லுங்க பாப்போம்."

பாதி கோபத்தில், பாதி கிண்டலில் சொன்னது அது. "எனக்கு எப்படி மேடம் தெரியும்?" என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அப்படிச் சொல்ல மோப்பம் வாயைத் திறக்கத்தான் செய்தார். அதற்குள் எட்டு முகங்கள் அவர் பக்கம் திரும்பிவிட்டன. பாலிஷ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "சொல்லுங்கண்ணே!" என்றான். பார்க்கப் பை இல்லை, மணிக்கட்டு இல்லை. ஆனால் குரல் மட்டும் தயாராக இருந்தது.

ஒவ்வொருவரையும் கேட்டார். அந்த நேரத்தில் எங்கே இருந்தாய், யாரோடு இருந்தாய் என்று. எல்லாரும் படபடத்தார்கள், ஒருவர் மேல் ஒருவர் கை காட்டினார்கள், "நான் இல்லப்பா, வேற யாரு?" என்றார்கள். மெழுகு அக்கா முறை வந்தது.

"நான் இல்ல" என்றார் அக்கா. தொடர்ந்து சாப்பிட்டார்.

பாலிஷ் மெல்லச் சீட்டியடித்தான். ஆறு வருடம் கேட்ட பாடம் அவனுக்கு நினைவு இருந்தது. மோப்பத்துக்கு அதன்பிறகு எல்லாம் தானாக வந்தது. அலமாரி யார் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது? இரண்டு மாதம் முன்பு லீவு விஷயத்தில் மேடத்தோடு முட்டிக்கொண்டது யார்? இவ்வளவு நடந்தும் யாரென்று கேட்காதவர் யார்? கடைசிக் கேள்வியை அவர் கேட்டு முடித்ததும், யாரும் சொல்லாமலே கைகள் எழுந்தன. மேடம் வாக்கெடுப்பு எதுவும் கேட்கவில்லை. அது பழக்கத்தில் எழுந்த கை. அந்த மேசையில் ஒரு வாதம் முடிந்தால் கை தூக்க வேண்டும் என்பது அவர்கள் உடம்புக்கு ஏறிப்போயிருந்தது. ஏழு கைகள், எட்டாவதாக மோப்பத்தின் கை.

மெழுகு அக்கா எட்டுக் கைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். டப்பாவை மூடினார். நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பவில்லை. தன் கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். மறுநாள் வரவில்லை, அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. மேடம் அவரைப் போகச் சொல்லவே இல்லை.

அதன்பிறகு பன்னிரண்டு நாள் ஒரு தாடையும் உடையவில்லை. "பாத்தீங்களா!" என்று பாலிஷ் மேசையைத் தட்டினான். மோப்பமும் அந்தப் பன்னிரண்டு நாளும் நன்றாகத் தூங்கினார்.

அந்தப் பன்னிரண்டு நாளும் குலுக்கி பழுதுக்குப் போயிருந்தது. பிளாஸ்டரில் காற்றுக் குமிழ் தங்காமல் இருக்க அதைக் குலுக்கிக் கொடுக்கிற இயந்திரம் அது. பழையது போய் ஒரு மாதம் முன்பு புதிதாக, பெரிதாக ஒன்று வந்திருந்தது. அலமாரி பதித்திருந்த அதே சுவரின் மறுபக்கத்தில் அதைத் திருகிவைத்திருந்தார்கள். பதின்மூன்றாம் நாள் பழுது பார்த்துத் திரும்பி வந்தது. அன்று மதியம் அடுத்த அறையில் அது உறுமத் தொடங்கியபோது, மோப்பம் தாடை ஒன்றை எடுக்க அலமாரிக்கு வந்திருந்தார். வரிசையில் ஒரு தாடை நகர்ந்தது. அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். பென்சிலை எடுத்து அதன் முன்னால் ஒரு கோடு போட்டார். பத்து நிமிடத்தில் தாடை கோட்டைத் தாண்டி வந்திருந்தது. நீளமான, கொஞ்சம் சரிந்த அந்தப் பலகையில் எல்லாத் தாடைகளும் நூல் நூலாக விளிம்பை நோக்கி வந்துகொண்டிருந்தன. ஊரில் நரியே இல்லை. ஆட்டத்தில் எப்போதும் நரி உண்டு. அதனால் இல்லாமலும் இருக்கலாம் என்று அந்த மேசையில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மோப்பம் கோட்டை அழித்தார். எல்லாத் தாடைகளையும் பின்னுக்குத் தள்ளிச் சுவரோடு ஒட்ட வைத்தார். தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்து பல் பதித்தார்.

ஒரு மணி நேரம் கழித்து எழுந்து போய் மறுபடியும் தள்ளி வைத்தார். மறுநாளும். தண்ணீர் குடிக்கப் போகிறவர்போல, வெளிச்சத்தில் நிறம் பார்க்கப் போகிறவர்போல, நாளுக்கு ஐந்தாறு தடவை. இப்படி ஒன்பது நாள். அவரைப் பற்றி எழுதும்போது இந்த ஒன்பது நாளைச் சொல்லாமல் விட்டுவிடத் தோன்றுகிறது. ஆனால் மெழுகு அக்கா பேரைச் சொன்னதையாவது ஒரு நொடியின் சபலம் என்று தள்ளிவிடலாம். இது ஒவ்வொரு மணி நேரமும் யோசித்து, எழுந்து, நடந்து போய்ச் செய்தது.

நான்காம் நாள் வீட்டில் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, மோப்பம் புடிக்கிறவருக்குச் சாப்பாட்டு வாசனை மட்டும் எட்டலையா?"

"ஒருத்தர் மேல தப்பாப் பழி சொல்லிட்டேன்."

"யாரு மேல?"

"மெழுகு அக்கா."

மனைவிக்கு அவரைத் தெரியும். ஒருமுறை வீட்டுக்கு வந்து, பேசாமல் உட்கார்ந்து, போகும்போது கதவின் கீலில் எண்ணெய் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனவர்.

"அப்ப போய்ச் சொல்லிட்டு வாங்க, தப்பாச் சொல்லிட்டேன்னு."

"சொன்னா என்ன நெனப்பாங்க?"

"யாரு என்ன நெனப்பாங்க? அக்காவா, இல்ல உங்க ரசிகருங்களா?"

அவர் கை கழுவ எழுந்தார். மறுநாளும் தாடைகளைத் தள்ளி வைக்கத்தான் போனார்.

பத்தாம் நாள் அவர் மருத்துவர் ஒருவரைப் பார்க்க வெளியே போக வேண்டியிருந்தது. திரும்பி வரும்போது எல்லாரும் அலமாரியைச் சுற்றி நின்றார்கள். தரையில் ஒரு தாடை இரண்டாகக் கிடந்தது.

"வாங்கண்ணே!" என்றான் பாலிஷ். அவன் கண்ணில் பயம் இல்லை, ஒருவித உற்சாகம் இருந்தது. "அக்கா போயாச்சு, ஆனாலும் ஒடையுது. எனக்கு மொதல்லயே தோணியிருக்கணும். எப்பவுமே ரெண்டு நரிதானே! இன்னொண்ணு யாருன்னு சொல்லுங்க."

எல்லார் பார்வையும் பிளாஸ்டர் கலக்கும் பெண்ணிடம் போயிருந்தது. அவள்தான் கடைசியாக அலமாரிப் பக்கம் வந்தவள். முழங்கைவரை வெள்ளையாக நின்றாள்.

"நான் இல்லண்ணே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். யாரென்று கேட்கவில்லை. பயந்தவர்களுக்கு அதற்குமேல் வராது என்பது ஆறு வருடத்தில் முதல்தடவையாக மோப்பத்துக்குப் புரிந்தது. கைகள் இன்னும் எழவில்லை. எழுவதற்கு முன்னால் பேச வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது.

"குலுக்கி" என்றார். "குலுக்கிதான். சுவரு அதிருது, பலகை சரிவு, தானா நகந்து வந்து விழுது."

ஓடவிட்டுப் பார்த்தார்கள். நகர்ந்தது. அப்புறம் பாலிஷ் கைதட்டிவிட்டான். "அடேங்கப்பா! மிஷினையே மோப்பம் புடிச்சிட்டாருய்யா!" சிரிப்பும் முதுகில் தட்டலுமாக அந்த இடம் கலகலத்தது. பிளாஸ்டர் பெண் ஒருத்திதான் சிரிக்கவில்லை. தன் தப்பு வெளியே வந்த நாளிலும் பாராட்டு கிடைத்ததை மோப்பத்தால் தாங்க முடியவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. மேடம் வந்து பார்த்துவிட்டு, "அப்ப அந்தம்மா பாவம். போய்க் கூட்டிட்டு வாங்க" என்று அவரிடமே சொல்லிவிட்டுப் போனார்.

மெழுகு அக்கா மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் சேர்ந்திருந்தார். கண்ணாடி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஊசிபோன்ற திருப்புளியால் ஒரு சட்டத்தின் காதை முடுக்கிக்கொண்டிருந்தார். வந்திருந்த ஆள் போகும்வரை மோப்பம் வாசலில் நின்றார்.

"வா தம்பி. கண்ணு மங்கிடுச்சா?"

"அக்கா, யாரும் ஒடைக்கல. அது குலுக்கி."

"தெரியும். பாலிஷ் போன் பண்ணான். நீ மிஷினப் புடிச்ச பெருமைய பத்து நிமிஷம் சொன்னான்."

"மேடம் உங்களக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

"மேடம் சொன்னதுக்கு வந்தியா, நீயா வந்தியா?"

அக்கா திருப்புளியைக் கீழே வைத்தார்.

"ஒண்ணு கேக்கறேன், மழுப்பாம சொல்லு. அன்னிக்கு என் பேரச் சொன்னியே, தெரிஞ்சா சொன்ன?"

"தெரியாமத்தான்கா."

"உனக்குத் தெரியாதுன்னு உனக்கு அப்பவே தெரியுமா?"

மோப்பம் தரையைப் பார்த்தார். "தெரியும்கா" என்றார். அதன்பிறகு மணிக்கட்டு விஷயத்தையும் சொன்னார்.

"ஓ, அதுக்குத்தான் செருப்ப நோண்டுவியா! உனக்குக் காலுல ஏதோ கோளாறுன்னு இத்தன வருஷமா நெனச்சுக்கிட்டிருந்தேன்." அக்கா சிரிக்காமலே இதைச் சொன்னார். "சரி, என்னைய ஏன் காட்டின?"

"உங்க கை எதுவும் சொல்லாதுக்கா. ஒரு தடவகூட உங்களப் புடிக்க முடியல."

"சொல்லலன்னா மறைக்குதுன்னு அர்த்தமா?"

தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்தபடி போனது.

"யாருன்னு நீங்களும் கேக்கல…" என்று மோப்பம் இழுத்தார். சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று தெரிந்தது.

"நான் ஏன் கேக்கணும்? இருக்கறதே ஒம்போது பேரு. யாரக் காட்டினாலும் எனக்கு வேண்டிய ஆளாத்தான் இருக்கும்." அக்கா மறுபடியும் திருப்புளியைக் கையில் எடுத்தார். "நான் வரல தம்பி. இங்க தனியாச் சாப்பிடறேன், நிம்மதியா இருக்கு. ஆனா அன்னிக்கு எட்டுக் கை தூக்குச்சு. அதுல ஒண்ணு உன்னுது. மீதி ஏழும் கேக்கற மாதிரி சொல்லு. மிஷின் கதைய இல்ல. இப்ப என்கிட்ட சொன்னியே, இத."

மறுநாள் மதியம் பாலிஷ் சுருக்குப் பையைக் குலுக்கிக்கொண்டு வந்தான். மோப்பம் அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, இன்றைக்கு ஆட்டம் வேண்டாம் என்றார். மணிக்கட்டைப் பார்த்ததைச் சொன்னார். அடுக்கிய காரணம் எல்லாம் விடை தெரிந்தபின் சேர்த்ததுதான் என்றார். அக்கா விஷயத்தில் விடையே தெரியாமல் சொன்னேன் என்றும் சொன்னார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில், டப்பாவைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தார்.

பிறகு பாலிஷ் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான்.

"அண்ணே, பிரமாதம்! இதான் புது வித்தையா? இனிமே நாங்க எல்லாம் மணிக்கட்டையே பொத்திட்டு உக்காந்திருப்போம், நீங்க வேற எங்கியோ பாத்துட்டிருப்பீங்க!"

"நெஜமாடா."

"நரியும் அப்படித்தானே சொல்லும்!"

மேசை முழுக்கச் சிரித்தது. ஆறு வருடம் அந்த மேசையில் அவர் வாதாடித் தோற்றது அபூர்வம். இப்போது உண்மைக்காக வாதாட ஒரு காரணமும் அவருக்குத் தோன்றவில்லை. சொல்லிக்கொடுத்த பாடங்கள் எல்லாம் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்திருந்தன.

மோப்பம் சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்தார். எண்ணை அழுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி, மேசை நடுவில் வைத்தார். மூன்றாவது மணியில் "சொல்லு" என்றது அக்காவின் குரல். சிரிப்பு நின்றது.

மோப்பம் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.

"அக்கா, எல்லாரும் இருக்காங்க. அன்னிக்கு எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாதுன்னு தெரிஞ்சேதான் உங்க பேரச் சொன்னேன். உங்கள ஒரு தடவகூடப் புடிக்க முடியலங்கற கோவம்." கைபேசிப் பக்கம் குனிந்தார். "நேத்து உங்ககிட்ட சொல்லாத ஒண்ணு இருக்கு. குலுக்கின்னு எனக்கு முன்னாடியே தெரியும். ஒம்போது நாளு, யாருக்கும் தெரியாம, தாடையெல்லாம் நானே பின்னாடி தள்ளித் தள்ளி வெச்சேன். விழாம இருந்தா யாரும் கேக்கமாட்டாங்கன்னு."

பிளாஸ்டர் பெண் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பாலிஷின் முகத்தில் சிரிப்பு இன்னும் கலையாமல், ஆனால் உள்ளே ஒன்றுமில்லாமல் நின்றது.

கைபேசியிலிருந்து கடைக் கதவு திறக்கும் ஓசை வந்தது. யாரோ, "இது எப்பக் கெடைக்கும்?" என்று கேட்டார்கள். "நாளைக்கு வாங்க" என்றார் அக்கா அவர்களிடம். கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. இணைப்பு துண்டிக்கப்பட்டது.

கைபேசியின் வெளிச்சம் மங்கி அணைந்தது. யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. அவர் நிற்பதை எதிர்முனையில் இருந்தவர் பார்த்திருக்கவும் முடியாது. மோப்பம் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தொங்கவிட்டபடி, மேசைமேல் கிடந்த கைபேசியின் முன்னால் நின்றுகொண்டே இருந்தார்.